வண்டிக்குச் சளி

மார்கழி மாதம் விடியற்காலை மூன்றரை மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. போர்வைக்குள் இருந்தபடியே என் மனைவி, "அம்பாசடரா, இண்டிகாவா?" என்று கேட்பாள். தட்டியவர் அநேகமாகக் கறுப்பு வேட்டியில் நிற்பார். இருமுடி கட்டியாகிவிட்டது, வாசலில் தேங்காய் உடைத்தாகிவிட்டது, ஐந்து சாமிமார் வண்டியில் ஏறி உட்கார்ந்தும் ஆகிவிட்டது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. "செல்ஃப் நல்லா சுத்துது மேஸ்திரி, பிடிக்க மாட்டேங்குது."

ஸ்பேனர் பையை நான் எடுப்பதில்லை. டார்ச்சோடு போய் சைலன்சர் வாய்க்கு நேரே குத்தவைத்து உட்காருவேன். "இப்ப செல்ஃப் அடி" என்பேன். டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைப் புகை சுருண்டு வந்தால் நிம்மதி. டீசல் உள்ளே போகிறது, பற்றிக்கொள்ளத்தான் சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் பார்த்தால் அநேகமாக முடிந்துவிடும். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது சாமிமாரை இறங்கி டீ குடிக்கச் சொல்லிவிடுவேன், நேரமாகும். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் புகையைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிபட ஆறு வருஷம் ஆயிற்று.

மாரண்டஹள்ளியில் அப்படி என்ன குளிர் என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். ஊட்டி இல்லைதான். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டிலிருந்து இறங்குகிற காற்று எங்களைத் தொட்டுவிட்டுத்தான் தர்மபுரிக்குப் போகிறது. பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் பனி இறங்கிய காலைகளில் எதிரே வருகிற சைக்கிள் தெரியாது. சென்னையில் அரைச் சுற்றில் எடுக்கிற வண்டி இங்கே வந்து ராத்திரி வெட்டவெளியில் நின்றால் காலையில் முறைக்கும். வேடிக்கை என்னவென்றால், டாக்சிக்காரன் நாலு காசு பார்க்கிற சபரிமலை சீசனும் வண்டி முறைக்கிற காலமும் ஒன்றுதான். தக்காளிக்காரர்களுக்கோ வருஷம் முழுக்க விடிவதற்குள் ராயக்கோட்டை மண்டியில் இருந்தாக வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்தது 1983ல், கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஷெட்டுக்கு. அப்போது பதினாறு வயது. முதல் வருஷம் ஸ்பேனரைத் தொடவிடவில்லை. கழற்றிய பாகங்களை டீசல் தட்டில் போட்டுக் கழுவுவது, டீ வாங்கி வருவது, மேஸ்திரி கை நீட்டும்போது எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று கேட்காமலே சரியானதைக் கொடுப்பது, இவைதான் வேலை. ஒரு தை மாதக் காலையில் தளிப் பக்கத்துக்காரர் ஒருவர் டிராக்டரில் ஜீப்பைக் கட்டி இழுத்துவந்து நிறுத்தி, "காடிகெ சளி" என்றார். எனக்கு அப்போது கன்னடம் அரைகுறை. வண்டிக்கு எப்படிச் சளி பிடிக்கும் என்று சிரித்துவிட்டேன். மேஸ்திரி என் பின்னந்தலையில் ஒன்று வைத்தார். கன்னடத்தில் சளி என்றால் குளிர், தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஆனால் செல்ஃப் அடித்தபோது அந்த ஜீப் இருமி இருமி வெள்ளையாகக் கக்கியதைப் பார்த்தால் தமிழ் அர்த்தமும் தப்பில்லை என்று தோன்றியது. அதிலிருந்து எங்கள் ஷெட்டில் காலையில் எடுக்காத வண்டிக்கெல்லாம் சளி வண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் தனியாக ஷெட் போட்டபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது.

லாரிக்காரர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு வைத்தியம் உண்டு, பந்தம். கம்பி நுனியில் கந்தலைச் சுற்றி டீசலில் முக்கிக் கொளுத்தி, ஏர் கிளீனர் வாயில் காட்டிக்கொண்டே செல்ஃப் அடிப்பார்கள். இன்ஜின் சூடான காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்கக் கோயில் திருவிழா மாதிரி இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் அந்த நாளைய ஏர் கிளீனரின் அடியில் தூசி பிடிக்க ஒரு கிண்ணம் எண்ணெய் இருக்கும். ஒரு நாள் பந்தம் பிடித்தவன் நான். தீ உள்ளே போய் எண்ணெய் பற்றிக்கொண்டது. மணலை வாரிப் போட்டு அணைத்தோம். என் இரண்டு புருவமும் போய், மறுபடி முளைக்கிற வரைக்கும் ஊருக்குப் போகாமல் இருந்தேன். இன்றைக்கு யாராவது ஸ்பிரே டப்பாவோடு வந்து "இதை ஏர் கிளீனர்ல அடிச்சா உடனே எடுக்குமாம்ணா" என்றால் எனக்கு அந்தப் புருவ ஞாபகம்தான் வரும். ஈதர் கலந்த அந்த ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள்ளேயே வெடித்து ரிங்கை உடைக்கும்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு டீசல் இன்ஜினைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம். நாலு இடி இடித்ததும் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா, அதேதான். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இருபது மடங்குக்கும் மேலே காற்றை நெருக்கினால் அது பல நூறு டிகிரிக்குச் சூடேறும். டீசல் தானாகப் பற்ற 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும். கணக்குக்கு ஏராளமாக மிச்சம் இருக்கிறது போலத் தெரியும். ஆனால் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் குடிக்க அதற்கு இன்னும் அவகாசம். ரிங் தேய்ந்திருந்தால் நெருக்கும் காற்றில் பாதி கீழே கசிந்துவிடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக் நுனி சிவந்து நிற்கிறது. பிஸ்டன் தலையிலேயே நேராக டீசல் அடிக்கும் டிராக்டர் வகை இன்ஜின்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. டிஐ ஜீப் வைத்திருக்கும் எங்கள் பக்கத்து விவசாயிகள் இதை என்னவோ தாங்களே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொள்வார்கள்.

அம்பாசடரில் டீசல் இன்ஜின் வந்தது 1980 வாக்கில். 1489 சிசி, 37 குதிரைச் சக்தி. தொப்பூர் மேட்டில் நடந்து போகிறவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நான் 1991ல் மாரண்டஹள்ளியில் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது, நம்பி இறங்கியது இந்த வண்டிகளைத்தான். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருந்த காலம். டாக்சி ஓட்டுகிறவன் வேறு எதை வாங்குவான்?

ஒவ்வொரு டிரைவருக்கும் ஹீட்டர் சுவிட்சைப் பிடித்திருக்க ஒரு கணக்கு இருந்தது. ஒருத்தர் இருபது எண்ணுவார். ஒருத்தர் பத்து தடவை சரணம் சொல்வார். இன்னொருத்தர் பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பார். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் பிளக் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் புரிந்துகொள்வேன். "முன்னே பத்து சரணம் போதும், இப்ப பதினெட்டு ஆவுது" என்று ஒருவர் கார்த்திகை முதல் வாரத்திலேயே வந்து சொன்னார். அவ்வளவு சரியாக நோய் சொன்ன வாடிக்கையாளரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

பழைய சில இன்ஜின்களில் நாலு பிளக்கையும் மாலை மாதிரி ஒன்றோடொன்று தொடுத்திருப்பார்கள். ஒன்று கருகினால் நாலும் செத்தது, உடனே தெரிந்துவிடும். பிறகு வந்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கரண்டு போகும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதில் ஒரு சூது இருக்கிறது. நாலில் ஒன்று ஆனி மாதம் செத்தாலும் மற்ற மூன்றும் இன்ஜினை இழுத்துவிடும். இரண்டாவது ஆவணியில் போனாலும் வெயில் காப்பாற்றும். மார்கழியில் ஒரு நாள் காலை நாலு மணிக்கு வண்டி நின்றதும், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, பனியால" என்பார்கள். பனி என்ன செய்யும்? ஆறு மாதக் கோளாறுக்கு அன்றைக்குத்தான் ரசீது வருகிறது. அதனால்தான் தீபாவளி முடிந்த கையோடு வண்டியைக் கொண்டு வா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்கள் பத்துக்கு இரண்டு பேர்.

பிளக்கை வண்டியிலேயே வைத்துப் பார்க்க ஒரு டெஸ்டர் பல்ப் போதும். எரியாவிட்டால் செத்தது உறுதி. எரிந்தால் உயிர் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு சூடாகிறது என்று தெரியாது. சந்தேகமென்றால் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்ப்பேன். நுனி முதலில் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து நுனி கறுப்பாகவே இருந்தால் தூக்கிப் போடுவேன்.

போலி பிளக் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். சாமான் எடுக்கப் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு ரயிலில் போய் வருவேன். ஒரு தடவை பாதி விலையில் ஒரு டஜன் பிளக் கிடைத்தது, அட்டைப்பெட்டியெல்லாம் அசல் மாதிரியே. அதில் நாலு போட்ட ஒரு வண்டி எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. கழற்றப் போனால் ஒன்று வரவில்லை. உள்ளே நுனி வீங்கிப்போயிருக்கிறது. கொஞ்சம் பலம் கொடுத்தேன். மேல் பாதி கையோடு வந்தது, நுனி துண்டாகி உள்ளேயே நின்றுவிட்டது. அப்படியே செல்ஃப் அடித்தால் பிஸ்டன் போகும். ஹெட்டை இறக்கி ஒரு விரல்நகம் அளவு இரும்பை எடுத்தேன். கேஸ்கட் செலவு என் தலையில். மிச்சமிருந்த எட்டு பிளக்கைச் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன், வேலைக்கு வருகிற பையன்கள் பார்க்கட்டும் என்று.

அதைவிட வெட்கப்படுகிற கதை ஒன்று உண்டு. 1994ல் பாலக்கோட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செகண்ட் ஹேண்ட் அம்பாசடரைக் கொண்டுவந்தார். காலையில் செல்ஃப் முனகிக்கொண்டே சுற்றும், வெள்ளைப் புகை வரும், எடுக்காது. வெயில் வந்தால் எடுக்கும். வேறு இடத்தில் பேட்டரியை இரண்டு தடவை மாற்றியிருந்தார். நான் கேட்டதும் "ரிங் போச்சு சார்" என்றேன். அப்போது எனக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஹெட்டை இறக்கி, வால்வு தேய்த்து, ரிங் மாற்றி, பன்னிரண்டு நாள் வேலை. வாத்தியார் பி.எஃப். கடன் போட்டுப் பணம் கட்டினார். வண்டியை எடுத்துப் போன மூன்றாம் நாள் காலை அதே முனகல், அதே புகை.

இந்தத் தடவை ஒன்றும் பேசாமல் அவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்தேன். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகிற எர்த் பட்டை கை வைக்க முடியாமல் சுட்டது. சூடு எங்கே இருக்கிறதோ அங்கே தடை இருக்கிறது. கழற்றிப் பிரித்தால் பச்சை பூத்து, பின்னலில் முக்கால்வாசி இழை அறுந்து கிடந்தது. பேட்டரியில் இருந்த பலம் செல்ஃப் மோட்டாருக்குப் போகாமல் அந்தப் பட்டையிலேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டதும் இன்ஜின் சிலிர்த்துக்கொண்டு எடுத்தது. பட்டையின் விலை அன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் காசு. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். சாமான் செலவை என்னால் கொடுக்க முடியவில்லை. வாத்தியார், "விடுப்பா, நானும் பசங்க பேப்பர் திருத்தறப்ப தப்பு பண்ணியிருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இனி காற்று. சளி வண்டிகளில் பாதிக்கு மேல் குளிரால் வந்த கோளாறே இல்லை. டீசல் லைனில் ஏர் எடுத்துக்கொள்கிற கோளாறு. 1998 கடைசியில் இண்டிகா அறிமுகமாகி, இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்த பிறகு இது அதிகமாயிற்று. ஒருவர் மூன்று ஷெட் ஏறி இறங்கி என்னிடம் வந்தார். பம்ப் கேலிப்ரேஷன் செய்தாயிற்று, நாசில் மாற்றியாயிற்று. பகலில் குறையே இல்லை. காலையில் மட்டும் ஐம்பது அறுபது நொடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. அதில் முதல் அரை நிமிஷம் புகையே இல்லை. அந்த ஒரு தகவலே எனக்குப் போதுமாக இருந்தது.

பம்புக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் டியூபைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் போட்டு, வண்டியை ஷெட்டிலேயே விட்டுப் போகச் சொன்னேன். ராத்திரி டியூப் முழுக்க டீசல். விடியற்காலை பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் காற்று. ராத்திரியில் டீசல் மெல்லப் பின்வாங்கி டாங்கிக்குப் போய்விடுகிறது. இதில் சிக்கல், உள்ளே காற்றை இழுக்கிற ஓட்டை வெளியே டீசலைக் கசியவிடாது. ஈரம் இருக்காது, துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாங்கியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் தடவி வந்தேன். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பர் இறுகிப்போய் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. ரப்பர் குளிரில் சுருங்கும், வெயிலில் இளகி மூடிக்கொள்ளும். அதனால் பகலில் யார் பார்த்தாலும் வண்டி யோக்கியம். இந்த வெள்ளை டியூப் வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது தோன்றியது.

பைப் மூட்டுகளில் இருக்கும் செம்பு வாஷரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுக்கி இறுக்கி அது கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் படியாது. புதுசு கிடைக்காத காலத்தில் பழைய வாஷரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவோம். இரும்பு அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். இன்றைக்குப் புதுசு நாலு காசுக்குக் கிடைக்கிறது, ஆனால் பையன்கள் பழையதையே திருப்பிப் போடுகிறார்கள், காய்ச்சாமலும் போடுகிறார்கள்.

தள்ளுகிற வழக்கம் இண்டிகாவோடு செத்தது, செத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ராத்திரியில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது ஒரு பண்பாடு. அம்பாசடரில் இன்ஜினை அணைக்கவே ஒரு ஒயரை இழுக்க வேண்டும், கரண்டோடு சம்பந்தமில்லை. பேட்டரி அறவே செத்தாலும் இறக்கத்தில் விட்டால் உயிர் வந்துவிடும். இண்டிகா பம்பில் டீசலைத் திறந்து மூடுவது ஒரு சோலினாய்டு. பேட்டரி முழுசாகப் போனால் அது திறக்காது. நாலு பேர் ராயக்கோட்டை வரை தள்ளினாலும் எடுக்காது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் இன்னொரு ஆபத்து. இதில் டைமிங் செயின் இல்லை, பல் வைத்த பெல்ட். இறக்கத்தில் விட்டு கிளட்சைப் படக்கென்று விட்டால், வயசான பெல்ட் ஒரு பல் தாண்டும், அல்லது அறுந்தே போகும். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்ட ஒரு இன்ஜினை நான் பிரித்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் பெண்ணை அழைக்கப் போக வேண்டிய வண்டி. தள்ளியவர்கள் மாப்பிள்ளையின் தோழர்கள். உள்ளே ஒரு வால்வாவது நேராக இல்லை.

லடாக்கில் ராணுவ வண்டி ஓட்டிவிட்டு வந்த மாஜி ஹவில்தார் ஒருவர் மாலை நேரங்களில் ஷெட்டில் வந்து உட்காருவார். "உங்க ஊர்ல குளிரா? போங்கடா" என்பார். அங்கே டீசலில் இருக்கும் மெழுகே உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளுமாம். ராத்திரியில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து இன்ஜினை ஓட்டிவிட்டுப் படுப்பார்களாம். இந்தியன் ஆயில் 2019ல் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இளகியே இருக்கிற டீசல் கொண்டுவந்த செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து காட்டினார், தான் கேட்டுத்தான் கொடுத்த மாதிரி. அவர் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் டாக்சிக்காரர் ஒருவர் டீசலில் ரேஷன் மண்ணெண்ணெய் கலக்க ஆரம்பித்தார், உறையாமல் இருக்கட்டும் என்று. நம் ஊர்க் குளிருக்கு டீசல் உறையாது. மண்ணெண்ணெயில் வழவழப்பு கிடையாது. டீசலின் வழவழப்பில் ஓடுகிற பம்ப் அதில் தேய்ந்து, இரண்டு வருஷத்தில் அவர் சேமித்ததைப் போல் பல மடங்கு கேலிப்ரேஷனுக்குக் கொடுத்தார். அந்த ஃபில்டரைக் கழற்றியபோது டீசல் லேசாக நீலமாக இருந்ததே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தக் காலத்துக்குள் எத்தனையோ மாறிவிட்டது. மைக்கோ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய பம்ப் கம்பெனி 2008ல் பாஷ் ஆயிற்று. என் வாயில் இன்னும் மைக்கோதான். கூழ் மாதிரி இருந்த 40 நம்பர் ஆயில் போய், குளிரிலும் ஓடுகிற 15டபிள்யூ-40 வந்தது. அது ஒன்றே காலை நேரத் தொல்லையில் கால்வாசியைக் குறைத்தது என்பேன். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அம்பாசடர் அதே வருஷம் மே மாதம் நின்றுபோயிருந்தது. டெல்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடக்கூடாது என்றதும் அங்கிருந்து மலிவாக வந்த கார்கள் எங்கள் பக்கமும் தென்பட்டன. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் வயரிங் எல்லாம் ஒட்டுப்போட்டது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. என் பழைய வாடிக்கையாளர்களில் பலர் அந்த வருஷத்தோடு வண்டியை விற்றுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் புது வண்டி வாங்கித் தந்திருக்கிறார்கள். அதில் சாவியைத் திருப்பினால் கம்ப்யூட்டரே பிளக்கைச் சூடாக்கிக்கொள்கிறது. எண்ண வேண்டியதில்லை, சரணமும் வேண்டாம்.

இப்போது விடியற்காலையில் கதவு தட்டுவதும் குறைந்துவிட்டது. போன்தான் அடிக்கிறது. போன தை மாதம் மலை மேல் கிராமத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் அப்பா காலத்து அம்பாசடர். "மேஸ்திரி, எடுக்கல." போனை ஸ்பீக்கரில் போட்டு சைலன்சர் பக்கம் வைத்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கேட்டேன். சுற்று வேகமாகத்தான் இருந்தது. நாலில் ஒரு இடி விழுந்து, மற்ற மூன்றும் வெறுமனே மூச்சு விட்டன.

"புகை என்ன நிறம்?"

"வெள்ளை. நெறைய."

"மூணு பிளக் போச்சு. இப்ப ஒண்ணும் பண்ணாதே, பேட்டரியை வீணாக்காதே. வெயில் பானெட் மேல விழற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்து. ஒம்பது மணிக்கு எடுக்கும். எடுத்ததும் அணைக்காம நேரா இங்க வா."

ஒன்பதேகாலுக்கு மறுபடி போன் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்கவைத்தார்.